இருபத்தெட்டு அடி என்று நான் எழுதிய வீடு

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் வசிக்கும் திரு. பிராண்ட், இங்கத்திய வழக்கில் ஹெர் பிராண்ட், சனிக்கிழமை தோறும் பிற்பகல் மூன்று மணிக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நிலவறைக்கு இறங்கிப் போவார். ஜெர்மனியின் வுப்பர்டால் நகருக்கு நாங்கள் குடிவந்த புதிதில் அது எனக்கு விளங்கவில்லை. இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் ஓர் அறை உண்டு, கெல்லர் என்பார்கள். சைக்கிள், பழைய பெட்டி, உருளைக்கிழங்கு மூட்டை ஆகியவற்றுக்கான இடம். அங்கே போவதற்கு யாராவது கழுத்துப்பட்டை கட்டுவார்களா? ஒரு சனிக்கிழமை நானும் சைக்கிளை வைக்க இறங்கியபோது அவருடைய அறை திறந்திருந்தது. உள்ளே மேசை உயரத்தில் மலை, பாலம், தேவாலயம், தபால் நிலையம். அவற்றுக்கிடையே விரல் அளவு ரயில் ஒன்று வளைந்து வந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூன்று பத்து வண்டி நான்கு நிமிடம் தாமதம். மன்னிக்க வேண்டும்" என்றார். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று தெரியாமல், "பரவாயில்லை, நான் நடந்தே போய்விடுவேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் பதிலை ஒரு பயணியின் பதிலாகவே ஏற்றுக்கொண்டார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் வரைவாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து நெடுநாள் ஆகிறது. சில மாதங்களில் நான் அவருடைய ரயில்களின் நிரந்தரப் பயணி ஆனேன். பிறகு ஒருநாள் அவர், "உங்கள் கெல்லர் காலியாகத்தானே இருக்கிறது? உங்கள் ஊரின் ரயிலைக் கட்டுங்கள்" என்றார். என் மனைவி ஸ்டெல்லா, கடலூரில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவள், இங்கே மருத்துவமனையில் செவிலி, கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நாப்பது வயசுல பொம்ம ரயிலா? அம்மாகிட்ட சொன்னா, மாப்பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேப்பாங்க" என்றாள். ஆனாலும் ஞாயிறன்று அவளே அந்த அறையைக் கூட்டிக் கழுவிக் கொடுத்தாள்.

எந்தப் பாதையைக் கட்டுவது என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. அண்ணாமலை நகரில் சமூகப்பணி முதுகலை படித்த இரண்டு ஆண்டுகளும் நான் கடலூரிலிருந்து ரயிலில்தான் போய்வந்தேன். துறைமுகம் சந்திப்பில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, வெள்ளாற்றுப் பாலம், கிள்ளை, சிதம்பரம். அப்போது அது மீட்டர் பாதை, பெட்டிகள் ஒடுங்கியவை, ஜன்னலோரம் இடம் கிடைத்தால் உப்புக் காற்றும் நாற்றுப் பச்சையும் முகத்தில் வந்து அடிக்கும். ஹெர் பிராண்ட் எனக்குக் கற்பித்த முதல் விதி, திட்டவரைபடம் முடியும்வரை ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது. சுவர்த்தாளைத் திருப்பித் தரையில் விரித்து, எண்பத்தேழில் ஒரு பங்கு என்ற அளவில் கோடுகள் இழுத்தோம். உண்மையான தூரத்தை அப்படியே சுருக்கினால் எங்கள் தெரு முழுவதும் போதாது. ஆகவே ஆலப்பாக்கத்தை விட்டோம், புதுச்சத்திரத்தை விட்டோம், வெள்ளாற்றை இரண்டு முழத்தில் முடித்தோம். விட்டுவிட முடியாததாக எனக்குத் தோன்றியது சிதம்பரத்தை நெருங்கும் ஓர் இடம் மட்டுமே. அதற்கு என்னிடம் எந்தப் புகைப்படத்தையும்விடத் துல்லியமான ஒரு வரைபடம் இருந்தது. அது நானே வரைந்தது. அலமாரியின் மேல்தட்டில், சான்றிதழ்களோடு, அதன் பிரதி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் சொல்ல வேண்டும். ரயிலைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சிதம்பரம் நிலையத்துக்கு முன்பாகத் தண்டவாளத்தை ஒட்டி நாற்பத்தொரு குடிசைகள் அப்போது இருந்தன. களப்பணிக்காக எனக்கு அந்தக் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. எங்கள் படிப்பில் ஒரு முறை உண்டு: குடியிருப்பின் வரைபடத்தை மாணவன் வரையக் கூடாது, மக்களே தரையில் கோலமாவால் வரைய வேண்டும், வீட்டுக்கு எத்தனை பேரோ அத்தனை புளியங்கொட்டைகளை அந்தந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும், மாணவன் அதைத் தாளில் பெயர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இடத்தை அவர்களே அறிவார்கள் என்பதுதான் அம்முறையின் அடிப்படை. அன்று பெண்கள் கூடி வரைந்தார்கள். முன்னின்று வரைந்தவர் செல்வி அக்கா. அண்ணாமலை நகரில் ஒரு விடுதிச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை அவருக்கு. கணவர் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். "கட்டம் கோணலாப் போவுதேன்னு பாக்காத தம்பி. எங்க வூடே கோணல்தான்" என்று சொல்லிக்கொண்டே மாவை இழுத்தார். அவருடைய வீடு முதல் வரிசையில் இல்லை. அவருடைய கொழுந்தனார் வீட்டுக்குப் பின்னால், ஒரு சந்து தள்ளி, இரண்டாம் வரிசையில் இருந்தது. அதை மாவில் அப்படியே வரைந்தார். நானும் தாளில் அப்படியே வரைந்துகொண்டேன். கொழுந்தனார் வீட்டுக்குப் பதினேழு, செல்வி அக்கா வீட்டுக்குப் பதினெட்டு என்று எண் கொடுத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வரைபடத்தைப் பட்டா கேட்கும் மனுவோடு இணைப்பது என்று முடிவானபோது, அது அறிவியல்பூர்வமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை பிறந்தது. யாரும் கேட்காமலேயே, ஒவ்வொரு வீடும் தண்டவாளத்திலிருந்து எத்தனை அடி என்று அளந்து, ஓரத்தில் ஓர் அட்டவணை சேர்த்தேன். டேப்பின் ஒரு முனையைச் செல்வி அக்கா பிடித்துக்கொள்ள, பதினேழாம் வீடு வரை அளந்து வந்தோம். பதினேழு, இருபத்தெட்டு அடி. அப்போது மயிலாடுதுறைப் பக்கமிருந்து பாசஞ்சர் வந்தது. "டேய், தள்ளுடா! டேப்ப வுடு!" என்று அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நின்று அந்த வண்டியைப் பார்த்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான்; ரயில் வந்தால் மற்றதெல்லாம் நின்றுவிடும். கடைசிப் பெட்டி மறைந்தபோது அக்காவுக்கு வேலைக்கு நேரமாகியிருந்தது, அவர் போய்விட்டார். நான் பத்தொன்பதிலிருந்து தொடர்ந்தேன். அன்று மாலை அட்டவணையை எழுதும்போது பதினெட்டுக்கு நேராக எந்த எண்ணும் இல்லை. பக்கத்து வீடுதானே, கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும் என்று இருபத்தெட்டு என எழுதினேன். மறுநாள் எல்லோரிடமும் கையெழுத்தும் கைரேகையும் வாங்கினேன். செல்வி அக்கா ரேகைதான் வைத்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அதை ஒப்படைத்துவிட்டு, மைதானத்தருகே நின்று கரும்புச்சாறு குடித்தேன். சமுதாயத்துக்கு ஏதோ செய்துவிட்டதாக அன்று எனக்கு நினைப்பு.

பிறகு பாதையை அகலப்படுத்த ரயில்வே ஆட்கள் வந்தார்கள். முப்பது அடிக்குள் இருப்பவை போக வேண்டும் என்றார்கள். அவர்கள் கையில் இருந்தது மனுவோடு போன என் அட்டவணையின் நகல். என் கையெழுத்தை நானே கண்டேன். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: முதல் வரிசை எப்படியும் போயிருக்கும். என் தாள் இல்லாவிட்டால் அவர்களே அளந்திருப்பார்கள். அதனால் பலமுறை என்னை நானே விடுவித்துக்கொள்ள முயன்றிருக்கிறேன். ஆனால் அவர்களே அளந்திருந்தால் பதினெட்டாம் வீடு நின்றிருக்கும். "எங்க வூடு பின்னால இருக்குதுங்களே, கண்ணு தெரியலயா?" என்று செல்வி அக்கா கத்தினார். "ரெக்கார்டுல இருபத்தெட்டுன்னு இருக்கும்மா. கீழ நீதான் ரேகை வச்சிருக்கே" என்றார் வந்தவர். அக்கா என்னைத் தேடி எங்கள் சமூகப்பணித் துறைக்கே வந்தார். துறை வாசலில் நின்று, "நீயே வந்து ஒரு வார்த்த சொல்லு தம்பி" என்றார். ஆசிரியர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். மறுவாரம் எனக்கு ஒரு நேர்காணல் இருந்தது. நான் சொன்னேன்: "அக்கா, நான் டேப் வச்சுதான் அளந்தேன்."

அவர், "படிச்ச புள்ள அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் கேலி இருந்ததா என்று நான் இத்தனை ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். இல்லை, கேலி இல்லை. தம் கண்ணைவிட என் டேப்பை அவர் நம்பினார். தப்பித்த இரண்டாம் வரிசைக்காரர்கள் எல்லோருக்கும் பின்னர் பட்டா கிடைத்தது. செல்வி அக்கா வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குக் குரல்செய்தி அனுப்புகிறார். நான் ஜெர்மனிக்கு வந்தது அவருக்கு என்னைவிடப் பெருமை.

இனி நிலவறைக்குத் திரும்புகிறேன். ஹெர் பிராண்ட் என் வரைபடத்தை ஆர்வத்தோடு விரித்துப் பார்த்தார். பாதையோரம் வரிசையாக நாற்பத்தொரு சிறு கட்டங்கள். அவர் முகம் மலர்ந்தது. "ஓ, உங்கள் ஊரிலும் ஷ்ரேபர்கார்ட்டன் உண்டா!" என்றார். இங்கே நகரவாசிகள் நிலத்துண்டுகளைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளியும் ரோஜாவும் வளர்ப்பார்கள். ஆளுக்கொரு மரக்குடில் இருக்கும். அந்தத் தோட்டங்கள் பல ரயில் பாதையோரமாகவே அமைந்திருக்கும். குடிலின் அளவுக்கு விதி உண்டு. அதில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்றும் விதி உண்டு. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இவை தோட்டக் குடில்கள் அல்ல, இவற்றில் மக்கள் சமைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும். நான் "ஆமாம்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு பெட்டி நிறையத் தோட்டக் குடில்களைப் பரிசாகக் கொண்டுவந்தார். அவரே ஒட்டிச் சேர்த்து வண்ணம் பூசியவை. பச்சைக் கதவுகள், ஜன்னலில் பூந்தொட்டிகள், வாசலில் சிவப்புத் தொப்பி அணிந்த குள்ளப் பொம்மைகள். நான் நன்றி சொல்லிப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். இருவரும் அளந்து வைக்கத் தொடங்கினோம். அவர் என் அட்டவணையைப் படிப்பார். நான் அடியைச் சென்டிமீட்டராக மாற்றுவேன். அவர் பென்சிலால் புள்ளி வைப்பார். பதினேழுக்குப் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. குடிலை வைத்தார். பதினெட்டுக்கும் அதே அளவு. குடிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றுவிட்டார்.

"இங்கே ஒரு பிழை இருக்கிறது. படத்தில் இது அதற்குப் பின்னால் நிற்கிறது. எண்ணில் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன. இரண்டு குடில்கள் ஒரே இடத்தில் நிற்க முடியாது" என்றார்.

"முடியாது" என்றேன்.

"யார் வரைந்தது?"

"ஒரு மாணவன்" என்றேன். பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தக்க விடை அது. என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட விடைகள் நிறைய உண்டு.

அவர் பதினேழாம் வீட்டின் ஆழத்தைக் கேட்டார். பதினான்கு அடி என்றேன். சந்து எவ்வளவு அகலம் என்று கேட்டார். குடத்தோடு ஒருவர் வந்தால் எதிரே வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அடி என்றேன். கூட்டிப் பார்த்தோம். நாற்பத்தேழு அடி. பலகையில் பதினாறரை சென்டிமீட்டர். அங்கே வைத்ததும் குடில் வசதியாக உட்கார்ந்தது. முன்னால் சந்துகூடத் தெரிந்தது. "எங்கள் தொழிலில் பிழையை அழிக்க மாட்டோம்" என்றார் ஹெர் பிராண்ட். "பழைய எண் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, வரைந்தவன் கையொப்பமும் தேதியும் போட வேண்டும். அந்த மாணவனிடம் சொல்லுங்கள்." பென்சிலை என்னிடம் நீட்டினார். மாணவன் இங்கே இல்லை என்பதற்காக, அதை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறிப் போனார்.

பல நாட்கள் நான் கீழே இறங்கவில்லை. ஸ்டெல்லா கவனித்தாள். நிலவறையில் துணி உலர்த்தப் போனவள் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "வச்ச வீட்டையெல்லாம் ஒட்டியிருக்கீங்க, ஒண்ணு மட்டும் ஆடிக்கிட்டு இருக்குதே. அது யாரு வீடு?" என்று கேட்டாள். முதன்முறையாக ஒருவரிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "என்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? அவுங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். சிறிது நேரம் கழித்து, "பொங்கலுக்குப் பொங்கல் அவுங்க பேசறப்ப எப்பிடிங்க சிரிச்சிக்கிட்டுப் பதில் சொன்னீங்க?" என்றாள்.

ஒரு ஞாயிறு காலை செல்வி அக்காவைக் காணொளியில் அழைத்தேன். அங்கே மதியம். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. "இன்னா தம்பி, வெள்ளக்காரன் ஊருல ஞாயித்துக்கெழம கோயிலு கெடையாதா?" என்றார். நான் முன்பே எழுதி வைத்திருந்த வாக்கியங்களை மறந்துவிட்டு, ரயில் வந்ததையும், அளக்காமல் விட்டதையும், துறை வாசலில் பொய் சொன்னதையும் வரிசை தப்பிச் சொன்னேன். எப்படி இப்போது உறுதியாகத் தெரிந்தது என்று கேட்டார். பொம்மை ரயிலைப் பற்றியும் நாற்பத்தேழு அடியைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. முறம் நின்றது.

"ரயில்வேக்காரன் முப்பது அடியில வேலி போட்டான்" என்றார் மெதுவாக. "எங்க அடுப்பு இருந்த எடம் வேலிக்கு வெளிய கெடக்கு. இன்னிக்கும் ஆடு கட்டுறாங்க. அப்பவே பாத்தேன். நீ டேப்பு வச்சு அளந்தேன்னு சொன்னியே, டேப்பு பொய் சொல்லுமா, அவன்தான் வேலியத் தப்பாப் போட்டுட்டான்னு நெனச்சிக்கிட்டேன். எங்க வூட்டுக்காரரு சாவுற வரைக்கும் என்னையத்தான் திட்டுனாரு. படிக்காம பாக்காம ரேகை வச்ச முண்டம்னு. நானும் அப்பிடித்தான்னு நெனச்சிக்கிட்டேன்."

"அக்கா..."

"இரு. உன் பொம்ம வூட்டுக்கு எடம் பத்தலன்னதும் உனக்குத் தெரிஞ்சிது. எங்க வூடு போனப்ப தெரியல."

இதைவிடச் சரியாக யாரும் என்னை அளந்ததில்லை. நான் எழுத்துமூலம் வாக்குமூலம் அனுப்புவதாகச் சொன்னேன். அவர் மறுத்தார். "லெட்டரெல்லாம் வேணாம். பேப்பராலதான் போச்சு. நீ வா. அந்த ஆபீஸ்ல வந்து நின்னு, நாலு பேரு கேக்க, நான் அளக்கலன்னு சொல்லு. அப்புறம் அவன் குடுக்கறான், குடுக்கல, அது வேற." அழைப்பைத் துண்டித்தார். மறுநாள் விடுப்புக்கு எழுதினேன். பிறகு ஹெர் பிராண்டின் கதவைத் தட்டி, அந்த மாணவன் நான்தான் என்றும் அவை தோட்டக் குடில்கள் அல்ல என்றும் சொன்னேன். அவருக்கு என் ஜெர்மன் மொழி முழுவதும் புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் என்னோடு கீழே வந்து, குள்ளப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சென்ற வாரம், நான் கையொப்பமிட வேண்டிய பிரமாண வாக்குமூலத்தின் வரைவை மஞ்சக்குப்பத்தில் தட்டச்சு செய்பவர் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். செல்வி அக்காவே போய் உட்கார்ந்து அடிக்கச் சொன்னது. என் முகவரிக்கான இடம் காலியாக இருந்தது. கடலூரில் எங்கள் வீட்டை அப்பாவின் மறைவுக்குப் பின் விற்றுவிட்டோம். நான் அழைத்தபோது, உள்ளூர் முகவரி ஒன்று இருந்தால் நல்லது என்று தட்டச்சுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"கதவு எண் பதினெட்டுன்னு போடச் சொல்றேன். நீ வச்ச நம்பருதானே?"

"அக்கா, அது பொய்யாயிடும்."

"ஒரு பொய் எழுதி எங்க வூட்ட எடுத்தே. இன்னொண்ணு எழுதி நீயே குடி வாயேன்!" என்றார். பின்னால் தட்டச்சுக்காரர் சிரிப்பது கேட்டது. அக்காவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

இறுதியில் வுப்பர்டால் முகவரியையே எழுத வைத்தேன். தெருப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். தட்டச்சுக்காரர் மூன்று முறை கேட்டும் தவறாகவே அடித்தார். அதற்குக் கீழே, நான் சொல்லாமலேயே, பதினெட்டாம் எண் வீட்டின் எல்லைகளைச் செல்வி அக்கா ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லி அடிக்க வைத்திருந்தார்: கிழக்கே பூவரச மரம், மேற்கே சந்து, கதவு சந்தைப் பார்த்து, சந்துக்கு அப்பால் கொழுந்தனார் வீடு, தண்டவாளத்திலிருந்து நாற்பத்தேழு அடி. நான் வாழும் வீடு அந்தத் தாளில் யாராலும் கண்டுபிடிக்க முடியாத முகவரியாக இருக்கிறது. இல்லாத வீடு கதவு திறக்கும் திசை வரைக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, "மேற்படி நபராகிய நான்" என்று தொடங்கும் வரிக்கு எதிரில், நான் நேரில் வந்து பெயரெழுத ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.